பெரிய வீட்டின் பின்சுவர்

அவிநாசிப் பக்கம் இருக்கும் என் புகுந்த வீட்டைப் பார்க்க இப்போதும் ஆட்கள் வருகிறார்கள். தோளில் காமிராவோடு வந்து, தூணைத் தடவி, சுவரில் கன்னத்தை வைத்துப் பார்த்து, "என்ன குளுமை, என்ன குளுமை" என்று உருகிவிட்டுப் போகிறார்கள். குளுமைதான், யார் இல்லை என்றது? எனக்கு அந்தச் சுவரைப் பார்த்தால் குமட்டுகிறது. ஐம்பதுகளின் நடுவில் மருமகளாக அதற்குள் காலெடுத்து வைத்த முதல் வாரத்திலேயே குமட்ட ஆரம்பித்தது. வயதாக ஆக எல்லாம் ஆறிப்போகும் என்பார்கள். இது ஆறவில்லை.

வீட்டுக்குச் சரித்திரம் உண்டு. அதைச் சொல்வதற்கென்றே என் மாமனார் ஒரு தனிக் குரல் வைத்திருந்தார். தாசில்தார் வந்தாலும் சரி, பஞ்சு வியாபாரி வந்தாலும் சரி, முதலில் வெற்றிலைத் தட்டு, பிறகு சரித்திரம். அவருக்கு வெற்றிலை இல்லாமல் பேச்சு வராது. கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு ஆரம்பிப்பார்.

"எங்க அப்பாரு கட்டுனதுங்க. கம்போடியாப் பருத்தி வந்த புதுசுங்க. காடெல்லாம் வெள்ளை வெளேர்னு வெடிச்சுக் கெடந்த காலம். தேக்கு பர்மாவுல இருந்து கப்பல்ல வந்துதுங்க. தூணு ஒவ்வொண்ணும் ஒரே கல்லுங்க. சொவுரு பாருங்க, மொகம் தெரியும். சுண்ணாம்புல கருப்பட்டித் தண்ணி, கடுக்காத் தண்ணி, முட்டை வெள்ளைக்கரு ஊத்தி அரைச்சதுங்க. எத்தனை முட்டைன்னு இன்னைக்கு ஆராலயும் சொல்ல முடியாதுங்க."

சொல்லத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். அவர்கள் அந்த வீட்டுக்குள் வர முடியாதவர்கள்.

வீட்டின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். முன்னால் ஆசாரம் என்கிற பெரிய கூடம், எட்டுத் தூண், செங்காவித் தரை. அதைத் தாண்டினால் தொட்டி, அதாவது மழை உள்ளே விழும் நடுமுற்றம். சுற்றிலும் அறைகள். பஞ்சுக் கிடங்கு தெற்கே. சமையற்கட்டு வடகிழக்கே. அதற்குப் பின்னால் பொடக்காளி, எங்கள் ஊர்ப்பக்கம் கொல்லைப்புறத்தை அப்படித்தான் சொல்வோம். பொடக்காளியைச் சுற்றி ஆளுயரத்துக்கு மேல் ஒரு கல்சுவர். மாமனாரின் சரித்திரம் தொட்டியோடு நின்றுவிடும். எந்தத் தாசில்தாரையும் அவர் பொடக்காளிக்குக் கூட்டிப்போனதாக எனக்கு நினைவில்லை.

மாடியைக் காட்டுவார். மாடியில் மேற்குப் பார்த்து ஒரே ஒரு பெரிய சன்னல். "காத்துக்குங்க" என்பார். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மேற்கிலிருந்து வருவது இந்தப் பக்கத்தில் குழந்தைக்கும் தெரியும் என்பதால், வந்தவர்களும் தலையாட்டுவார்கள். அந்தச் சன்னலில் நின்று கொஞ்சம் கீழே பார்த்தால் பண்ணையாட்கள் குடியிருக்கும் வளவு நேர் எதிரே தெரியும். ஒரு கூரை மிச்சமில்லாமல் தெரியும். பகல் வேளையில் எந்தக் கூரைக்கு மேல் புகை எழும்புகிறது என்று பார்ப்பதற்கு வைத்த சன்னல் அது. புகை வந்தால் அந்த வீட்டுக்காரி காட்டு வேலைக்கு வரவில்லை என்று அர்த்தம். உடனே ஆள் போகும். இதை எனக்குச் சொன்னது என் மாமியார். "எங்க மாமனாரு எத்தனை வெவரமான ஆளு பாரு அம்மிணி" என்று பெருமையாகச் சொன்னார். எனக்கு அன்றைக்கு மாடியில் காய வைத்திருந்த வடகத்தைக்கூட எடுக்கப் பிடிக்கவில்லை.

பின்சுவருக்கு வருகிறேன். அந்தச் சுவரின் உட்பக்கம் இடுப்புயரத்தில் ஒரு கல்தொட்டி பதித்திருந்தது. தொட்டியின் அடியில் துளை. துளை சுவருக்குள்ளேயே சரிந்து ஓடி, மறுபக்கம் ஒரு கல்தூம்பாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். கோயிலில் அபிஷேகத் தண்ணீர் வந்து விழுமே கோமுகி, அதேபோல் பசுவின் முகம் செதுக்கிய தூம்பு. கோயில் சிற்பியையே கூட்டிவந்து செய்ததாம். உள்ளே நின்று நாம் தொட்டியில் கம்பங்கூழை ஊற்றினால், வெளியே பசுவின் வாய் வழியாக அது ஒழுகும். பண்ணையாட்கள் குண்டாவையும் சட்டியையும் ஏந்திப் பிடித்துக்கொள்வார்கள். கூழ் மட்டுமல்ல, மோர், தண்ணீர், கூலித் தானியம், எல்லாம் அதே வழிதான். ஊற்றுகிறவளுக்கு வாங்குகிறவர் முகம் தெரியாது. வாங்குகிறவருக்கு ஊற்றுகிறவள் முகம் தெரியாது. அதற்காகத்தான் சுவரை அத்தனை உயரம் எழுப்பியிருந்தார்கள். முதல் வாரத்திலேயே அந்த வேலை புது மருமகளான எனக்கு வந்தது.

நான் முதலில் கவனித்தது நாற்றத்தை. புளித்து, பூசணம் பிடித்து, மூக்கை அறுக்கும் நாற்றம். துளைக்குள் குனிந்து பார்த்தேன். பழைய கூழ் பச்சையும் கறுப்புமாக அப்பியிருந்தது. அதில் ஏதோ நெளிந்தது. வெந்நீரும் தென்னஞ்சீமாறும் எடுத்துப் போய்க் குத்திக் கழுவ ஆரம்பித்தேன். மாமியார் ஓடி வந்து சீமாற்றைப் பிடுங்கினார்.

"என்ன அம்மிணி பண்றே? அதுக்குள்ள கையை உடலாமா? அக்கட்டாலப் பக்கத்துத் தீட்டு இக்கட்டால வந்துரும்."

"அப்ப அவங்களைக் கழுவச் சொல்லுங்க அத்தை."

"நல்லாச் சொன்னே போ. ஊட்டுக் கல்லை அவங்க தொடறதாக்கும்?"

உள்ளே இருப்பவள் கையை விட்டால் தீட்டு. வெளியே இருப்பவள் கையை வைத்தால் தீட்டு. ஆகவே, அந்தத் துளையைக் கழுவ இந்த உலகத்தில் ஆளே கிடையாது. அந்த வீடு கட்டிய நாளிலிருந்து மழைதான் அதைக் கழுவியிருக்கிறது, எங்கள் பக்கத்தில் மழை எத்தனை பெய்யும் என்று உங்களுக்கே தெரியும். சுவருக்கு முட்டை வெள்ளைக்கரு ஊற்றி மெருகேற்றியவர்கள், மனுசர் குடிக்கிற வழியில் புழு நெளிய விட்டிருந்தார்கள். அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. மசக்கை என்று நினைத்துக்கொண்டு மாமியார் சந்தோஷப்பட்டார்.

அந்தச் சுவருக்கு வெளியே எனக்கும் ஓர் இடம் இருந்தது. மாதாமாதம் தூரமான நாட்களில் நான் வீட்டுக்குள் இருக்கக் கூடாது. பின்சுவருக்கு மறுபக்கம், மாட்டுச்சாளையை ஒட்டி, ஒரு சிறு அறை. எனக்கும் கூழும் தண்ணீரும் பசுவின் வாய் வழியாகத்தான் வந்தன. தட்டில் பிடித்துக் குடித்தேன். வேறு வழி? பசித்தது. அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் சுவருக்கு அப்பாலிருந்து "போதுங்க சாமி" என்று கேட்ட குரல்களுக்கெல்லாம் முகம் தெரிந்தது.

அதில் ஒருத்திக்கு என் வயது. வயிற்றில் பிள்ளை. பத்தடி தள்ளி உட்கார்ந்து என்னோடு பேசுவாள். முட்டைக் கதையைச் சொன்னது அவள்தான். வீடு எழும்பிய வருசங்களில் வளவில் எந்தக் கோழி இட்ட முட்டையும் வளவில் தங்கவில்லையாம். தினமும் ஒருவர் கூடையோடு வந்து வாங்கிப் போவாராம். வெள்ளைக்கரு சுண்ணாம்புக்கு. மஞ்சள்கரு? பண்ணாடியின் ரேக்ளாப் பந்தயக் காளைகளுக்கு. பண்ணாடி என்பது அவர்கள் எங்கள் வீட்டுப் பெரியவரைக் குறிப்பிடும் சொல். "ஓட்டை நக்கிக்குவாங்களாமுங்க எங்க சனம்" என்று சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். அதில் என்ன சிரிப்பு இருக்கிறது என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

அவளுக்குப் பெண் குழந்தை பிறந்த பிறகு ஒரு நாள் சொன்னாள்: "எம் புள்ள கையில குண்டாவைப் புடிச்சுட்டு இந்தச் சொவுத்துக்கிட்ட வந்து நிக்கக் கூடாதுங்க சின்னம்மிணி. அது ஒண்ணுதானுங்க எனக்கு."

அதற்காக அவள் செய்ததும் பெரிய காரியம்தான். பிள்ளைக்கு விவரம் தெரிந்ததும் திருப்பூரை ஒட்டிய அனுப்பர்பாளையத்தில் இருந்த தன் அண்ணன் வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். அண்ணன் ஒரு பனியன் கம்பெனியில் டெய்லர். அந்த ஊர்ப் பட்டறைகளில் பாத்திரம் தட்டுகிற சத்தத்துக்கும் பனியன் மிஷின் சத்தத்துக்கும் நடுவில் அந்தப் பெண் வளர்ந்தாள். பெண்பிள்ளைகள் மிஷினில் உட்காருவது அப்போது அபூர்வம்; கை மடிப்பதும் பிசிறு வெட்டுவதும்தான் கொடுப்பார்கள். இவள் மாமன் பக்கத்தில் நின்று நின்றே கழுத்துப் பட்டி வைத்துத் தைக்கக் கற்றுக்கொண்டாள். பட்டியில் ஒரு சுருக்கம் விழாது.

இதற்கிடையில் பெரிய வீட்டின் கதை மாறிக்கொண்டிருந்தது. கிணறுகள் வற்றின. பருத்தியில் புழு விழுந்தது. எழுபதுகள் தொடங்கியபோது எங்கள் சொந்தக்காரர்கள் காட்டை விற்றுவிட்டுத் திருப்பூரில் பனியன் போட்டுக் கார் வாங்கியிருந்தார்கள். என் வீட்டுக்காரர் வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாதவர். அவருக்கே ரோசம் வந்துவிட்டது. இரண்டு நிட்டிங் மிஷினும் நாலு தையல் மிஷினும் வாங்கி லாரியில் ஏற்றி வந்தார். ஆசாரத்தில் போடலாமா என்று அப்பாவிடம் கேட்டார்.

மாமனார் வெற்றிலையை மென்றபடி யோசித்தார். "இரும்புக்குத் தீட்டு இல்லடா. போடு."

சரித்திரம் சொல்லிக்கொண்டிருந்த கூடத்தில் எண்ணெய் நாற்றம் ஏறியது. ஊஞ்சலைக் கழற்றிப் பஞ்சுக் கிடங்கில் போட்டார்கள். தூணுக்குத் தூண் ஒயர் இழுத்தார்கள். எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, மிஷின் சத்தத்தில் மாமனாரின் குரல் கேட்காமல் போனது லாபம்தான். ஆனால் டெய்லர்கள் நிற்கவில்லை. டவுனிலிருந்து இவ்வளவு தூரம் எவன் சைக்கிள் மிதிப்பான்? வந்தவர்களும் ஒரு வாரம், இரண்டு வாரம் என்று ஓடிவிட்டார்கள். துணி நெய்து, சலவைக்குப் போய் வெள்ளையாக வந்து, வெட்டி அடுக்கியபடியே கிடந்தது. தைக்க ஆள் இல்லை.

அப்போதுதான் அந்தப் பெண் ஊருக்குத் திரும்பினாள். அம்மாவுக்கு முடியவில்லை, இடுப்பு விழுந்துவிட்டது. பதினெட்டு, பத்தொன்பது வயது இருக்கும். பட்டி தைக்கத் தெரிந்தவள் கூப்பிடு தூரத்தில் இருக்கிறாள் என்று என் வீட்டுக்காரருக்குத் தெரிந்ததும் முகம் மலர்ந்தது. அடுத்த நிமிடமே வாடியது. ஆசாரத்தில் அவளை எப்படி உட்கார வைப்பது?

"அதெப்படிடா ஆவும்?" என்றார் மாமனார். "தேக்கு மரமும் ஒத்தைக் கல்லுத் தூணும் எதுக்குடா இருக்குது? அவ வந்து மிதிக்கறதுக்கா?"

அப்பாவும் பிள்ளையும் கூடிப் பேசி ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பின்சுவருக்கு வெளியே, நான் தூர நாட்களில் உட்கார்ந்திருந்த அதே அறைக்குப் பக்கத்தில், ஒரு ஓலைச்சாளை போட்டு மிஷினை அங்கே கொண்டுபோய் வைத்தார்கள். வெட்டிய துணியைக் கட்டாகக் கட்டிப் பின்வாசல் கல்லின் மேல் வைத்துவிட்டு இவர்கள் நகர்ந்துகொள்ள வேண்டியது. அவள் வந்து எடுத்துப் போய்த் தைத்து, மறுபடி அதே கல்லில் வைத்துவிட்டு நகர்ந்துகொள்ள வேண்டியது. வளவிலிருந்து தானியம் புடைத்து வந்தாலும் எள் காய வைத்து வந்தாலும் அப்படித்தான் காலங்காலமாக வாங்கினார்கள். கல்லில் வைத்ததை மாமியார் மாவிலையால் மஞ்சள் தண்ணீர் தொட்டுத் தெளிப்பார். பிறகுதான் உள்ளே எடுப்போம். பனியன் கட்டுக்கும் தெளித்தார்.

நான் கேட்டேன். "ஏனுங்க, வெள்ளைத் துணிக்கு மஞ்சத் தண்ணியாங்க?" என்று என் வீட்டுக்காரரிடமே கேட்டேன்.

"லேசாத்தான் தெளிக்கறாங்க. காஞ்சா தெரியறதில்ல" என்றார்.

உண்மைதான், காய்ந்தால் அவ்வளவாகத் தெரியவில்லை. எள்ளுக்கும் கம்புக்கும் தெளித்துப் பழகிய கை. அந்தப் பனியனைப் போடப்போகிறவன் யார், அவன் எந்த வளவு, எந்த ஊர், அவன் வேர்வை என்ன சாதி என்று இவர்களில் ஒருவருக்கும் தெரியாது. அதைப் பற்றிக் கவலையும் இல்லை. தைத்தவள் கைதான் இவர்களுக்குக் கண்ணை உறுத்தியது. நான் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

பெட்டி பெட்டியாகச் சரக்கு போயிற்று. அந்தப் பெண் விடிந்ததும் வருவாள், பொழுது சாயும்வரை மிஷின் மிதிப்பாள். நான் பின்வாசலில் நின்று பேசுவேன். வாய் கொஞ்சம் நீளம்தான் அவளுக்கு. பசுவின் முகத்தைக் காட்டி, "இதென்னுங்க, மாடு வாந்தியெடுக்கற மாதிரி!" என்று சொல்லிச் சிரித்தாள். அந்தத் தூம்பில் அவள் ஒரு நாளும் குடிக்கவில்லை. வீட்டிலிருந்து சோறும் தண்ணீரும் தூக்குப்போசியில் கொண்டுவந்துவிடுவாள். அம்மாவுக்கு உடம்பு தேறினதும் டவுன் கம்பெனிக்கே போய்விட வேண்டும் என்பதுதான் அவள் எண்ணம். மாமனும் அதற்குச் சொல்லி வைத்திருந்தார்.

ஒரு நாள் காலையில் வியாபாரி வந்தார். எங்கள் சரக்கை வாங்கி வெளியூர்க் கடைகளுக்கு அனுப்புகிறவர். நெற்றி நிறையத் திருநீறு, மடிப்புக் கலையாத வேட்டி. கூடவே இரண்டு பெட்டி. ஆசாரத்தில் பெட்டியை அவிழ்த்துக் கொட்டினார். கடைக்காரர்கள் திருப்பி அனுப்பிய பனியன்கள். வாங்கினவர்கள் முதல் சலவையிலேயே கடைக்குக் கொண்டுவந்து எறிந்திருக்கிறார்கள். நெஞ்சிலும் முதுகிலும் செம்பழுப்பாகத் துளித் துளியாகக் கறை.

"என்னங்க இது?" என்றார் வியாபாரி. மூக்கைச் சுளித்துக்கொண்டு ஒன்றை நுனிவிரலால் தூக்கிக் காட்டினார். "வெத்தலை எச்சலைத் துப்பி வெச்ச மாதிரி இருக்குது. கடைக்காரனுங்க என் மொகத்துல துப்பாத கொறைதானுங்க."

நான் நடுமுற்றத்தின் ஓரத்தில் நின்றிருந்தேன். பார்த்ததுமே எனக்குப் புரிந்தது. மஞ்சளில் சுண்ணாம்பு பட்டால் சிவக்கும், சோப்புப் பட்டாலும் சிவக்கும். ஆரத்தி கரைத்த எந்தப் பெண்ணுக்கும் இது தெரியும். மாமியாருக்கும் புரிந்தது, அவர் முகத்தைப் பார்த்தேன். மாமனாருக்கும் புரியாமல் இருந்திருக்காது. வாயில் கிடந்த வெற்றிலையை எச்சில்பணிக்கத்தில் துப்பிவிட்டு, உதட்டைத் துடைத்துக்கொண்டு, அவர் நிதானமாகச் சொன்னார்:

"வெத்தலை எச்சலேதானுங்க. தைக்கற புள்ள வளவுப் புள்ள. எத்தனை சொன்னாலும் அந்தப் பழக்கம் போகுதுங்களா?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். இவர் தன் வீட்டு மஞ்சள் கறையை அவள் வாயில் மறைத்தார். நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். செங்காவித் தரையில் அவருக்கு என்ன தெரிந்ததோ.

"அப்படிங்களா?" என்றார் வியாபாரி. "நான் திருப்பூர்ல எல்லாக் கம்பெனிக்கும் போற ஆளுங்க. ஒரு வார்த்தை போட்டு வெச்சர்றேன். இனி எவனும் அதை மிஷின்ல உக்கார வெக்க மாட்டான். கைத்தொழிலுக்குச் சுத்தம் வேணுமில்லீங்க?"

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். வளவுக்கு வெளியே ஒரு பிழைப்பு வேண்டும் என்று ஒருத்தி தன் பிள்ளையைக் கைக்குழந்தையாக இருந்த நாள் முதல் பொத்திப் பொத்தி வளர்த்தாளே, அது இந்த ஆளின் ஒரு வார்த்தையில் போய்விடும். மறுபடி கையில் குண்டாதான். அந்த வீட்டில் அதுவரை ஆண்கள் பேசும்போது நான் ஆசாரத்துக்குள் கால் வைத்ததில்லை. உள்ளே போய் மாமியாரின் மஞ்சள் தண்ணீர்ச் சொம்பையும், துவைக்கிற கல்லின் மேல் இருந்த பார் சோப்பையும், ஒரு வாளித் தண்ணீரையும் எடுத்துக்கொண்டு நேராக நடுக்கூடத்துக்கு வந்தேன்.

"அம்மிணி, உள்ள போ" என்றார் மாமனார்.

நான் போகவில்லை. கறை இல்லாத புதுப் பனியன் ஒன்றை எடுத்து வியாபாரியின் முன்னால் விரித்தேன். சொம்பில் கையை விட்டுத் தெளித்தேன். வெளிர் மஞ்சளாக நாலு துளி விழுந்தது. வாளியில் நனைத்து, அதன் மேல் சோப்பைத் தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்கத் துளிகள் நாலும் சிவந்தன. திருப்பி அனுப்பிய பனியனைப் பக்கத்தில் வைத்தேன். ஒரே நிறம்.

"எச்சலுமில்லீங்க, ஒண்ணுமில்லீங்க" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "அந்தப் புள்ள வெத்தலையே போடாதுங்க. அவ தெச்சு வெக்கற ஒவ்வொரு கட்டுக்கும் எங்க ஊட்லதான் மஞ்சத் தண்ணி தெளிச்சு எடுத்து வெச்சோமுங்க. தீட்டுக் கழிக்கறதுக்கு. கறை எங்களுதுங்க. அவளுது இல்லீங்க."

மாமனாரின் முகம் கறுத்தது. என் வீட்டுக்காரரின் பார்வை இன்னமும் தரையில்தான் இருந்தது. வியாபாரி இரண்டு பனியனையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். அவர் இனிமேல் சத்தம் போடுவார், இந்த வீட்டுச் சரக்கே வேண்டாம் என்று எழுந்து போவார் என்று எதிர்பார்த்து நின்றேன். சந்தோஷமாகக்கூட எதிர்பார்த்தேன்.

அவர் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார்.

"அட, மஞ்சத் தண்ணிங்களா! இதை மொதல்லயே சொல்லியிருந்தா நான் இத்தனை பேசுவனுங்களா? நம்ம ஊட்டு வழக்கம் நமக்குத் தெரியாதா? அந்தப் புள்ள மேல தப்பில்லீங்க. சரி, போனது போச்சு. அடுத்த லாட்டுச் சரக்குக்கு வெறுந் தண்ணி தெளிங்க. அதுவும் சுத்தந்தானுங்க. கறையும் படாது."

"அதுவுஞ் சரிதானுங்க" என்றார் மாமனார். மூச்சு வந்துவிட்டது அவருக்கு. மாமியார் உள்ளேயிருந்து, "துளசித் தண்ணி தெளிச்சர்லாமுங்க, நிறமே இருக்காது" என்றார். என் வீட்டுக்காரர் ஒருவழியாகத் தலையை நிமிர்த்தி, திருப்பி வந்த சரக்கை மறுபடி சலவைக்குப் போட்டால் வெளுக்குமா என்று விசாரிக்க ஆரம்பித்தார். வெற்றிலைத் தட்டு நடுவில் வந்தது. "எத்தனை வருச வீடுங்க இது?" என்று வியாபாரி தூணைத் தடவினார். மாமனார் தனிக் குரலை எடுத்தார்.

நடுக்கூடத்தில் சோப்பு நுரையும் வாளியுமாக நான் நின்றுகொண்டிருந்தேன். ஒரு பொய்யை உடைத்தால் ஏதாவது இடியும் என்று நினைத்த என் முட்டாள்தனத்தின் மேல்தான் எனக்கு முதலில் ஆத்திரம் வந்தது. ஒன்றும் இடியவில்லை. முட்டை வெள்ளைக்கரு ஊற்றிக் கட்டினதல்லவா. அத்தனை பேரும் ஒரே நேரத்தில் நிம்மதியாகி, ஒரே மாதிரிச் சிரித்ததைப் பார்த்தபோது, தூம்புக்குள் முதல் நாள் பார்த்ததைவிட எனக்கு அருவருப்பாக இருந்தது.

பின்வாசலுக்குப் போனேன். சாளையில் மிஷின் நின்றுபோயிருந்தது. அந்தப் பெண் சுவரோரம் நின்றிருந்தாள். ஆசாரத்தில் சத்தமாகப் பேசினால் பின்பக்கம் எல்லாமே கேட்கும். தொட்டிக்கட்டு வீட்டின் லட்சணம் அது.

"கேட்டுட்டுத்தான் இருந்தனுங்க" என்றாள். "கறை என்னுது இல்லைன்னு அந்த வியாபாரி வாயிலயே வந்துருச்சு. அது போதுமுங்க. அனுப்பர்பாளையத்துல மாமன் சொல்லி வெச்ச கம்பெனிக்கு நாளைக்கே போயிருவனுங்க. அம்மாவையும் கூட்டிட்டுப் போறனுங்க."

"போகாதே கண்ணு" என்றேன். அவள் போய்விட்டால் அந்த வீட்டில் எனக்குப் பேச வேறு ஆள் கிடையாது. "நான் இன்னைக்குப் பேசுனதைக் கேட்டியல்லோ? இன்னமும் பேசறேன். வா, முன்வாசல் வழியா உன்னைக் கையைப் புடிச்சுக் கூட்டிட்டுப் போயி ஆசாரத்து மிஷின்ல உக்கார வெக்கறேன். ஆரு தடுக்கறாங்கன்னு பாக்கறேன்."

அவள் தன் கத்தரிக்கோலைத் துணியில் சுற்றித் தூக்குப்போசிக்குள் வைத்தாள். கடைசிக் கட்டைக் கல்லின் மேல் ஒழுங்காக வைத்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"கோவிச்சுக்காதீங்க சின்னம்மிணி. உங்க ஊட்டுக்குள்ளார கால் வெக்கறதுக்கு எனக்குத்தானுங்க அருவருப்பா இருக்குது."

சொல்லிவிட்டு வளவுப் பக்கம் நடந்தாள். உள்ளே வியாபாரிக்கு இலை போட்டுவிட்டார்கள். "அம்மிணி, ரசம்" என்று மாமியார் கூப்பிட்டார். நான் கையைக் கழுவிக்கொண்டு போய் ஊற்றினேன்.